இரைச்சல் நீக்கம்

வெர்லீன் கில்யார்ட் கொண்டுவந்த பென் டிரைவில்
பதினைந்து நிமிடம்.
அதற்கு மேல் அந்தச் சிறை யாரையும் பேச விடாது.
சமையல் மேசையில் போனை வைத்து
ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பதிவு செய்தாளாம்.
"பால் கெட்டுப்போச்சு" என்றாள்.
பாட்டைப் பற்றி முதலில் சொன்னது அவ்வளவுதான்.

டெக்சஸ், போமான்ட். டயர்க் கடைக்குப் பின்னால்
என் ஸ்டூடியோ.
கார் விற்பவர்களின் குரலைக் கழுவித் துடைத்து
ரேடியோவுக்கு அனுப்புவது பிழைப்பு.
மூச்சை எடுப்பேன், எச்சில் சத்தத்தை எடுப்பேன்,
இருக்கிற ஆளை
எங்குமே இல்லாத ஓர் இடத்தில் நிறுத்திப் பேசவைப்பேன்.

அதே கையோடு அவள் தம்பியையும் கழுவினேன்.

முதலில் மின்விசிறி போயிற்று,
வெந்த காற்றை அள்ளி
வெந்தவர்கள் மேலேயே கொட்டும் மின்விசிறி.
பிறகு கழிப்பறைத் தண்ணீர். ஓயாமல் இழுத்துக்கொண்டே இருந்தார்கள்,
யாருக்கோ வயிறு சரியில்லை என்று நினைத்தேன்.
பிறகு இருமல்கள்.
சோப்புக் கட்டியால் இரும்புக் கட்டிலில் தட்டிய தாளத்தை
மட்டும் விட்டுவைத்தேன், நன்றாயிருந்தது.
கடைசியாக, இரண்டு இடத்தில் குறுக்கே வந்த
இயந்திரப் பெண்:
இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது.
உங்களுக்கு இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது.

மிஞ்சியது அம்ப்ரோஸ்.
அடித்தொண்டையில் கொஞ்சம் மணல், மற்றபடி சுத்தம்.
பாட்டில் நீதி என்ற சொல் இல்லை. கடவுளும் இல்லை.
காவலர் மேசைக்கு மேல் தொங்கும் வெப்பமானியை
மணிக்கு மணி பார்த்துப் பாடுகிறான்.

ஆறு மணி: தொண்ணூற்றொன்று.
பத்து மணி: நூறு.
நான் வேலை செய்யும் பன்றிக் கொட்டகை: எழுபத்தெட்டு.
இரண்டு மணி: நூற்றி ஏழு. ஐஸ் வண்டி வரவில்லை.
மூன்று மணி: ஹோலிஸுக்கு வியர்ப்பது நின்றது.
நான்கு மணி: எப்போதோ செத்த நாயை ஹோலிஸ் பேர் சொல்லிக் கூப்பிட்டான்.
பன்றிக் கொட்டகை: எழுபத்தெட்டு.
ஐந்து மணி: தலை எண்ணினார்கள்.
ஹோலிஸையும் சேர்த்து எண்ணினார்கள்.

வெர்லீன் ஹெட்போனைக் கழற்றிக் கேட்டாள்:
"எங்கேயிருந்து பாடுறான் இவன்?"

எனக்குப் புரியவில்லை.

"என் வீட்டுக் குளியலறையிலிருந்து பாடுற மாதிரி இருக்கு.
அந்தத் தண்ணி எங்கே?
போர்வையை அதுலதான் நனைக்கிறாங்க.
நனைச்சுத் தரையில விரிச்சு அதுமேல படுக்கிறாங்க.
நீ எடுத்துப்போட்டது எம் தம்பியோட படுக்கை."

ஒரு பொத்தான்தான்.
விசிறி திரும்பி வந்தது, தண்ணீர் வந்தது,
இருமியவர்கள் எல்லோரும்
விட்ட இடத்திலிருந்து இருமினார்கள்.
அந்தப் பெண்ணும் வந்தாள், துளி வருத்தமில்லாத குரலோடு.

ஆகஸ்டில் ஆஸ்டினுக்குப் போனோம்.
சட்டமன்றப் படிக்கட்டில் நானூறு பேர் இருக்கலாம்,
பாதிப்பேர் கையில் ஹோலிஸின் படம்,
மரணச் சான்றிதழில் "இதயம்" என்ற ஒற்றைச் சொல்.
ஒலிபெருக்கி மோசம். எண்கள் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை.
ஆனால் அவள் வாய் திறந்ததும்
கூட்டம் முழுக்க அவளோடு சேர்ந்து சொன்னது:
இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது.
மேலே ஒரு ஜன்னலில் திரை விலகி
மறுபடி மூடியது.

அம்ப்ரோஸுக்குத் தொண்ணூறு நாள் போன் கிடையாது.
வெர்லீன் வாராவாரம் கடிதம் போடுகிறாள்,
மூன்று திரும்பி வந்துவிட்டன.

பாட்டுக்கு முடிவு இல்லை.
"ஏழு மணி: நூற்றி" என்கிறான், லைன் அறுகிறது.
எண்ணை நான் ஊகித்துப் போடவில்லை.
மெல்லக் கரைத்து முடிக்கவும் இல்லை.

ஒருநாள் கதவைச் சாத்தி, ஏசியை அணைத்துவிட்டுக்
கேட்க உட்கார்ந்தேன்.
முழுப் பதினைந்து நிமிடமும் கேட்பதாக எண்ணம்.
பதினோராவது நிமிடத்தில்
ஏசியைப் போட்டுவிட்டேன்.